தராசு பாராட்டிய உடல்: ஓர் ஏசிஎல் கிழிவின் நிகழ்வு ஆய்வு

முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வு, அதாவது ஏசிஎல், கிழிந்து ஒரு வீராங்கனை வந்தால், கூட வருபவர்கள் சொல்லும் காரணங்களில் எடைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. "லீவுல வெயிட் போட்டுட்டா டாக்டர், அதான்." இந்த நிகழ்வில் கதை தலைகீழ். எடை குறைந்திருந்தது, குறைத்ததற்குப் பாராட்டும் கிடைத்திருந்தது. குறைந்த அந்தக் கிலோக்கள் உடலில் எதிலிருந்து போயின என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரு விளக்கம். இது தனி ஒருவரின் கோப்பு அல்ல. ஒரே மாதிரிப் பாதையில் வரும் வீராங்கனைகளிடம் காணும் விவரங்களைக் கோத்து, பயிற்சியாளர்களும் பிசியோக்களும் விவாதிப்பதற்காக அமைத்த நிகழ்வு. நோயாளியின் அளவுகள் எல்லாம் அந்த அமைப்புக்குள் வருபவை. ஆய்வுகளைப் பற்றிய எண்கள் வெளியான ஆய்வுகளில் உள்ளவை.

நடந்தது

20 வயது, ஹேண்ட்பால், உயரம் 170 செ.மீ. பருவத்தின் இரண்டாவது ஆட்டம், இரண்டாம் பாதி. பந்தோடு இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, இடக்காலை ஊன்றி வலப்பக்கம் திரும்பினார். எதிரணி வீராங்கனை ஒரு கை தூரத்தில் இருந்தார், மேலே படவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று கேட்டதாகச் சொன்னார். எழுந்து நடக்கப் பார்த்தபோது முட்டி வழுக்கி விலகியது. இரண்டு மணி நேரத்துக்குள் முட்டிச் சில்லின் விளிம்பே தெரியாத அளவுக்கு வீக்கம். இவ்வளவு விரைவாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள், அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏசிஎல்லைத்தான்.

ஆட்டத்தின் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஊன்றிய கால் உடலை விட்டு வெகுதூரம் வெளியே. முட்டி ஏறக்குறைய நேராக. மேலுடம்பு ஊன்றிய கால் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. அடுத்த சட்டகங்களில் முட்டி உள்நோக்கி மடிகிறது. யாரும் இடிக்காமல் நடக்கும் ஏசிஎல் கிழிவுகளில் அடிக்கடி காணும் படம் இது. மொத்த ஏசிஎல் கிழிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு இப்படி மோதல் இல்லாமல்தான் நடக்கின்றன.

பரிசோதனை

ஏசிஎல்லின் பிடிப்பைப் பார்க்கும் லாக்மன் சோதனையில் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவியது. நழுவி எங்கேயும் 'டக்' என்று நிற்கவில்லை. வீக்கம் வடிந்தபின், முறுக்கும்போது முட்டி எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் பிவட் ஷிஃப்ட் சோதனை இரண்டாம் தரம். எம்ஆர்ஐ படத்தில் ஏசிஎல் நடுப்பகுதியில் முழுமையாகக் கிழிந்திருந்தது, வெளிப்பக்க மெனிஸ்கஸின் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) பின்கொம்பில் ஒரு சிறு கிழிவு, தொடை எலும்பின் வெளிக்குமிழிலும் கீழ்க்கால் எலும்பின் பின்-வெளி மூலையிலும் எலும்புக் கன்றல். இந்தக் கன்றல் ஜோடி, எலும்புகள் விலகி ஒன்றையொன்று எங்கே முட்டின என்பதற்கான தடயம்.

மூட்டுத் தளர்வைக் காட்டும் பெய்ட்டன் மதிப்பெண் 9-க்கு 6. அதாவது பிறவியிலேயே நெகிழ்வான மூட்டுகள். கீழ்க்கால் எலும்பின் மேற்தளம் பின்னோக்கிச் சரியும் கோணம் 11 பாகை. 12-ஐத் தாண்டினால் கவலைப்படுவோம், இது எல்லையை ஒட்டி நிற்கிறது.

அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "வெயிட் குறைஞ்சுதானே டாக்டர் இருந்தேன்? அப்புறம் எப்படி?"

அலமாரியில் இருந்த அறிக்கை

விடுமுறையில் அவர் எடை 66 கிலோவிலிருந்து 73-க்கு ஏறியிருந்தது. "66-க்கு வந்துட்டு அப்புறம் டீமைப் பத்திப் பேசு" என்றிருக்கிறார் பயிற்சியாளர். வந்தார், ஏறக்குறைய வந்தார். ஆறு வாரத்தில் 67.5 கிலோ. சாப்பாட்டைப் பாதியாக்கினார், காலையில் கூடுதலாக ஓடினார், களைப்பில் எடைப்பயிற்சியை விட்டுவிட்டார். எடைப்பயிற்சி போட்டால் உடம்பு பருக்கும் என்ற பயமும் உண்டு. கடைசி இரண்டு மாதவிலக்கு வரவில்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பருவம் தொடங்குமுன் அணிக்கு டெக்ஸா ஸ்கேன், அதாவது உடலில் கொழுப்பு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன், எடுத்திருந்தார்கள். முந்தைய ஆண்டும் அதே கருவியில், அதே ஏற்பாட்டில் எடுத்தது கோப்பில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

முந்தைய ஆண்டு: எடை 66 கிலோ. கொழுப்பு 15.8 கிலோ, அதாவது 24 சதவீதம். கொழுப்பு நீங்கிய நிறை 50.2 கிலோ. இரு கால்களிலும் கொழுப்பற்ற திசு தலா 8.4 கிலோ.

காயத்துக்குச் சற்று முன்: எடை 67.5 கிலோ. கொழுப்பு 18.9 கிலோ, 28 சதவீதம். கொழுப்பு நீங்கிய நிறை 48.6 கிலோ. இடக்கால் 7.7, வலக்கால் 8.0.

தராசைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ 22.8-லிருந்து 23.4, எந்த அட்டவணையிலும் சிவப்பு விழாது. ஆனால் உள்ளே மூன்று கிலோ கொழுப்பு ஏறியிருக்கிறது, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொழுப்பல்லாதது போயிருக்கிறது, போனதில் பெரும்பங்கு கால்களிலிருந்து. அறிக்கையின் முதல் வரியில் எடை இருந்தது. அதற்குக் கீழே யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இந்த எண்களை எப்படிப் படிக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் 0.3 கிலோ வித்தியாசம் என்பதால் இடக்கால் பலவீனம், அதனால்தான் இடக்கால் ஜவ்வு போனது என்று எழுத மாட்டேன். அந்த வித்தியாசம் கருவியின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடலாம். இன்னொன்று, பட்டினி கிடந்தவர் உடலில் கிளைகோஜனும் (தசையில் சேமித்த மாவுச்சத்து) அதோடு ஒட்டியிருக்கும் நீரும் குறையும். டெக்ஸா அதையும் 'கொழுப்பற்ற திசு குறைந்தது' என்றே காட்டும். ஆகவே போன ஒன்றரைக் கிலோவும் தசைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரு கால்களும் சேர்ந்து இழந்த 1.1 கிலோவைப் பிழைக்கணக்கில் தள்ளவும் மனம் வரவில்லை. காரணம், நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் உயரம் முந்தைய ஆண்டு 32 செ.மீ., இந்த ஆண்டு 28. குதிப்பு கிளைகோஜனை அளப்பதில்லை. உடல் தன்னைத்தானே தூக்க முடியாமல் போயிருக்கிறது.

உணவுக் குறிப்பை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாளுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி உள்ளே, பயிற்சியில் 600 வெளியே. மிஞ்சிய 1,100-ஐக் கொழுப்பு நீங்கிய நிறை 48.6 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 22 சொச்சம். 45 போதுமானது, 30-க்குக் கீழே போனால் உடல் ஒவ்வொரு வேலையாக நிறுத்தத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பழகிய அளவுகோல். 30 என்பது கத்தி வெட்டியதுபோன்ற கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 22-ம் நின்றுபோன மாதவிலக்கும் சேர்ந்து வரும்போது தயங்க ஒன்றுமில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் பெயரிட்டு, 2023-ல் புதுப்பித்த 'விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை' என்ற நிலை இதுதான்.

நாற்பது மில்லி விநாடி

எடையும் ஜவ்வும் எங்கே சந்திக்கின்றன? வீடியோவில் பதிவான ஏசிஎல் காயங்களை ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்டு 40 மில்லி விநாடிக்குள் காயம் நடந்துவிடுவதாகக் கணித்தார்கள். அந்த நொடிக்கீற்றில் தரை திருப்பி உதைக்கும் விசை உடல் எடையைப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆக, ஒரு கிலோ கூடினால் பாதத்தில் மூன்று கிலோ கூடுகிறது.

இதைக் கேட்டதும் சிலர் வேறொரு எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள்: இளம் வயதினரின் ஏசிஎல் கிழியும் விசை சுமார் 2,160 நியூட்டன். 67.5 கிலோவின் மூன்று மடங்கு எடையும் கிட்டத்தட்ட அங்கேதானே நிற்கிறது என்று பயந்துவிடுவார்கள். அந்தக் கணக்கு தப்பு. தரையின் உதை முழுவதும் ஜவ்வில் ஏறுவதில்லை. எலும்பும் எலும்பும் தாங்கும், தசைகள் வாங்கிக்கொள்ளும். ஏசிஎல்லின் வேலை கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிப்பது. அந்தத் திசையில் வரும் இழுப்பும், முட்டி உள்ளே மடிந்து முறுக்குவதும்தான் அதைத் தின்கின்றன. எனவே உடல் எவ்வளவு கனம் என்பதோடு, அந்தக் கனம் எந்தக் கோணத்தில் வந்து இறங்குகிறது, அதை யார் பிடிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

பிடிப்பவர் யார்? 40 மில்லி விநாடியில், நடந்ததை உணர்ந்து மூளை உத்தரவு அனுப்பித் தசை சுருங்க நேரமில்லை. கால் தரையைத் தொடுமுன்பே தொடைப் பின்தசையும் பிட்டத் தசைகளும் இறுகியிருக்க வேண்டும். தொடையின் முன்தசை இதில் இருமுகக்காரன். முட்டி நன்றாக மடங்கியிருந்தால் அதிர்ச்சியை வாங்கும். முட்டி நேராக இருக்கும்போது அதுவே கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்து ஜவ்வுக்கு எதிராக வேலை செய்யும். பின்தசை அதைப் பின்னால் இழுத்துச் சமன் செய்யும். களைத்து, மெலிந்து, எரிபொருள் இல்லாமல் ஆடுபவர் முட்டியை மடக்கி இறங்குவதற்குப் பதில் நேராக வைத்தே இறங்கிவிடுகிறார், ஏனென்றால் மடக்கி இறங்கத்தான் அதிக பலம் வேண்டும். வீடியோவில் கண்ட நேரான முட்டியை நான் இப்படித்தான் படிக்கிறேன். அதே வீடியோவை வைத்து இன்னொருவர் வெறும் பழக்கம் என்று சொன்னால் மறுக்க என்னிடம் சான்று இல்லை.

மேலுடம்பின் பங்கையும் சேர்க்க வேண்டும். தலை, கைகள், உடற்பகுதி மூன்றும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அது ஊன்றிய கால் பக்கம் சாய்ந்தால், தரை உதைக்கும் விசையின் கோடு முட்டிக்கு வெளியே போய், முட்டியை உள்ளே தள்ளும். விடுமுறையில் இவருக்கு ஏறிய கொழுப்பில் கூடுதல் வயிற்றிலும் இடுப்பிலும் தங்கியிருந்தது. நெம்புகோலின் நுனியில் கனம் ஏறி, அதைப் பிடிக்கும் இடுப்புத் தசைகள் இளைத்திருந்தன.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை வரும்?

இந்த இடத்தில் அதிகம் காட்டப்படுவது 2003-ல் வெளியான வெஸ்ட் பாயிண்ட் ஆய்வு. அமெரிக்க ராணுவ அகாதமியின் 859 மாணவர்களை நான்கு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மோதல் இல்லாமல் 24 பேருக்கு ஏசிஎல் கிழிந்தது. ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆபத்துகள், தொடை எலும்பில் ஏசிஎல் இருக்கும் பள்ளம் குறுகலாக இருப்பதும் பொதுவான மூட்டுத் தளர்வும். பெண்களிடம் கூடுதலாகத் தெரிந்தவற்றில் ஒன்று உயர்ந்த பிஎம்ஐ. ஆண்களிடம் அது தெரியவில்லை.

ஏன் பெண்களிடம் மட்டும்? என் ஊகம், ராணுவப் பயிற்சியில் இருக்கும் ஆணின் உயர்ந்த பிஎம்ஐயில் தசை பெரும்பங்கு, அதனால் ஏறிய எடை தன்னைத் தூக்கும் பலத்தையும் உடன் கொண்டுவருகிறது. ஆனால் அந்த ஆய்வில் கிழிவு ஏற்பட்ட பெண்கள் எட்டே பேர். எட்டுப் பேரை வைத்து உலகப் பெண்களுக்கெல்லாம் எடை வரம்பு எழுதுவது எனக்கு ஒப்பாது. 2005-ல் வந்த இன்னோர் ஆய்வில், 205 வீராங்கனைகள் குதித்து இறங்குவதை முதலில் அளந்துவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். பின்னால் ஏசிஎல் கிழிந்த 9 பேரிடம், முட்டியை உள்ளே மடக்கும் திருப்பு விசை மற்றவர்களைவிட 2.5 மடங்கு இருந்தது. இறங்கும் விதத்துக்கு அதில் கிடைத்த அழுத்தமான சான்று, எடைக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆகவே இவருக்கு ஜவ்வு கிழிந்தது உடல் அமைப்பு மாறியதால் என்று நான் எழுதவில்லை. தளர்ந்த மூட்டு முன்பே இருந்தது, சரிந்த எலும்புத் தளம் முன்பே இருந்தது. அவை இருந்தும் முந்தைய பருவத்தை அவர் முழுதாக ஆடி முடித்தார். இடையில் மாறியது கொழுப்பும் தசையும் உணவும் குதிப்பு உயரமும். அவை மாற்றக்கூடியவையும்கூட. மருத்துவரின் கவனம் அங்கே போவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

சிகிச்சை

உடனே அறுவை இல்லை. வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீள வந்து, முன்தசை சொன்னபடி இறுகத் தொடங்கும்வரை காத்திருந்தோம். விறைத்த முட்டியில் அறுவை செய்தால் விறைப்பு அப்படியே நின்றுவிடும்.

கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்கும் ஒட்டுக்கு எதை எடுப்பது என்பதிலும் உடல் அளவு குறுக்கிடுகிறது. தொடைப் பின்தசையின் நாண்களை மடித்து ஒட்டு செய்தால், அதன் தடிமன் 8 மி.மீ.க்குக் குறையும்போது மறுபடி கிழியும் ஆபத்து கூடுகிறது. அந்தத் தடிமன் ஆளின் உயரத்தோடும் எடையோடும் ஓரளவு சேர்ந்தே போகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. ஜவ்வுக்குத் துணைநிற்கும் பின்தசை ஏற்கெனவே இளைத்திருக்கிறது, அதிலிருந்தே எடுப்பானேன்? அறுவை நிபுணரும் அவரும் பேசி, முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாணை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது என்று முடிவானது. மண்டியிடும்போது வலி வரலாம், ஹேண்ட்பாலில் முட்டி குத்தி விழுவது சகஜம் என்பதையும் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கப்பட்டது. மூட்டுத் தளர்வு காரணமாக முட்டியின் வெளிப்பக்கம் ஒரு கூடுதல் தாங்கலும் சேர்க்கப்பட்டது. 2020-ல் 618 இளம் நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், பின்தசை ஒட்டோடு இந்தத் தாங்கலைச் சேர்த்தவர்களுக்கு ஒட்டுக் கிழிவு 11 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது. வேறு ஒட்டுக்கும் அதே பலன் உண்டா என்பது அந்த ஆய்வு சொல்லாதது. மெனிஸ்கஸ் தைக்கப்பட்டது.

அறுவைக்குப் பின் முதல் மோதல் சாப்பாட்டுத் தட்டில். "இப்ப ஓடப் போறதில்லையே, இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றார். ஓடாவிட்டாலும் காயம் ஆற ஆற்றல் செலவாகிறது, ஊன்றுகோலில் நடப்பது சாதாரண நடையைவிடக் கடினம். நாளுக்கு 2,200 கலோரிக்குக் குறையக் கூடாது, புரதம் 110 முதல் 145 கிராம், அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்து என்று உணவு நிபுணர் எழுதிக் கொடுத்தார். எடை பார்க்கும் வேலையை அணியிடமிருந்து எடுத்துவிட்டோம். முதல் மாதங்களில் எடை ஏறத்தான் செய்தது. அவர் அழுத நாள்களும் உண்டு. நான்காம் மாதம் மாதவிலக்கு திரும்பியது. அந்த மாதம் வேறு எந்தச் சோதனை முடிவும் எனக்கு அவ்வளவு நிம்மதி தரவில்லை.

முன்தசை பிடிவாதமானது. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை நரம்பே அந்தத் தசையை அடக்கி வைக்கும். மனத்திடத்தால் அதை வெல்ல முடியாது. மின்தூண்டல், பிறகு இயந்திரத்தில் முட்டி நீட்டல், பிறகு பாரம் என்று போனது. இந்தக் கட்டத்தில் டெக்ஸா எடுக்க அணி கேட்டது, நான் மறுத்தேன். மூட்டில் தேங்கிய நீரையும் அது கொழுப்பற்ற திசு என்று எண்ணி, இளைத்த காலைத் தேறிய காலாகக் காட்டிவிடும்.

பலத்தை ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அளந்தோம். ஆறாம் மாதம் இடக்கால் 1.9, வலக்கால் 2.6. ஒன்பதாம் மாதம் 2.4, 2.7. அதாவது 89 சதவீதம். வழக்கமான வரம்பு 90. ஒரு சதவீதம்தானே என்று பயிற்சியாளர் கேட்டார். அந்த ஒரு சதவீதத்துக்காக நான் நிறுத்தவில்லை. கால்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் இந்த விகிதமே ஏமாற்றக்கூடியது. படுத்திருந்த மாதங்களில் நல்ல காலும் இளைக்கிறது, இளைத்த காலோடு ஒப்பிட்டால் எந்தக் காலும் தேறிவிடும். இவருக்கோ நல்ல காலே காயத்துக்கு முன் இளைத்திருந்தது. ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று 2016-ல் ஒரு நார்வே-அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒன்பதாம் மாதம் என்பது பலர் நினைப்பதுபோல் திரும்பும் தேதி அல்ல, அதற்கு முன் போகக் கூடாது என்ற எல்லை.

பதினோராம் மாதம் 2.7-ம் 2.8-ம். குதிப்பு உயரம் 33 செ.மீ. பன்னிரண்டாம் மாதம் டெக்ஸா: எடை 69 கிலோ, கொழுப்பு 16.9, கொழுப்பு நீங்கிய நிறை 52.1, இடக்கால் 8.3, வலக்கால் 8.6. காயம்பட்ட நாளைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல் எடையோடு அவர் களத்துக்குத் திரும்பினார். பழைய இலக்கான 66-ஐ வைத்துப் பார்த்தால் மூன்று கிலோ 'அதிகம்'. பிஎம்ஐ 23.9. தராசு மட்டும் இருந்திருந்தால் மறுபடியும் அணிக்கு வெளியே நின்றிருப்பார்.

"அப்ப எவ்வளவு வெயிட்ல வைக்கட்டும்?" என்று பயிற்சியாளர் கேட்டார். இலக்கு எடை எதுவும் எழுதித் தரவில்லை. வாரம் ஒருமுறை குதிப்பு உயரம். மாதவிலக்கு வந்ததா என்பதைப் பெண் பிசியோ கேட்டுக் குறித்துக்கொள்வது. பருவத்துக்கு முன்னும் பின்னும், காலையில், வெறும் வயிற்றில், அதே கருவியில் டெக்ஸா. கொழுப்பு குறைக்க வேண்டுமானால் விடுமுறையிலேயே தொடங்கி, எடைப்பயிற்சியை விடாமல், மெதுவாக. பருவத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில் ஒருபோதும் கூடாது.

மூட்டுத் தளர்வும் எலும்புச் சரிவும் அப்படியே இருக்கின்றன. ஏசிஎல் அறுவைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பும் இளம் வயதினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ இரண்டாம் கிழிவு வருகிறது. இவருடைய வலது முட்டியைப் பற்றிய கவலை அதனால் எனக்குத் தீரவில்லை. இறங்கும் முறையும் சமநிலையும் பழக்கும் வார்ம்-அப் பயிற்சிகள் வீராங்கனைகளின் ஏசிஎல் காயங்களை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கின்றன; அதை அவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் செய்கிறார். அணியில் மற்றவர்கள் செய்கிறார்களா என்று அடுத்த முறை பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும்.